மீட்கப்பட்ட கோப்பு: ஒன்று

இத்தாலியத் துறைமுக நகரான பலெர்மோவின் கால்சாப் பகுதியில் எங்கள் கட்டிடத்தின் கீழ்த்தட்டில், முன்பு மீன்பெட்டிகள் அடுக்கியிருந்த அறையில், பலெர்மோ அனைத்துத் தமிழர் ஒருங்கிணைந்த மேம்பாட்டு மாமன்றம் இயங்குகிறது. இயங்குகிறது என்று நான் சொல்லவில்லை, வாசல் பலகை சொல்கிறது. அறையின் முகப்பைவிடப் பலகை நீளம் என்பதால் ‘மாமன்றம்’ என்ற கடைசிச் சொல் பக்கத்து இறைச்சிக்கடைச் சுவரில் ஏறி நிற்கிறது. என் வீட்டு யன்னல் அதற்கு நேர் மேலே. நான் ஒட்டுக்கேட்பதாகச் சிலர் கதைத்துத் திரிகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. தலைவர் வாயைத் திறந்தால் துறைமுகத்தில் கப்பல் கட்டுகிறவனுக்கும் கேட்கும்.

மாமன்றத்தில் மூன்று பேரை அறிந்துவைத்தால் போதும். தலைவர் தில்லையம்பலம், பணக்காரர் இருக்கும் லிபெர்த்தா வீதியில் ஒரு மாடிக்கட்டிடத்தின் வாசலில் இருந்து மற்றவர்களுக்குக் கதவு திறந்து மூடுகிறவர். மாமன்றத்தில் அவருக்குக் கதவு திறந்து மூட ஒரு உபகுழு இருக்கிறது. செயலாளர் றோபேட், கையில் மன்றச் சட்டங்கள் அடங்கிய யாப்புப் புத்தகம் இல்லாமல் யாரும் கண்டதில்லை. யாப்பில் நூற்றுப் பதினேழு பிரிவுகள். அங்கத்தவர்கள் எண்பத்து மூன்று பேர். மூன்றாமவர் கொம்பியூட்டர் பொறுப்பாளர் கோபாலசிங்கம். கொம்பியூட்டர் விற்கும் கடையொன்றைக் காலையில் துடைக்கிறவர். கொம்பியூட்டரை அவ்வளவு கிட்ட நின்று பார்த்தவர் வேறு யாரும் இல்லாததால் போட்டியின்றித் தெரிவானார்.

நாலாவதாக ஒரு ஆள் இருந்தார், பீலிக்ஸ். அவருக்குப் பதவி இல்லை. வேலை இருந்தது.

தொண்ணூற்றிரண்டில் லிபெர்த்தாவில் ஒரு கணக்காளர் வீட்டில் வேண்டாமென்று கழித்துவிட்ட கொம்பியூட்டரை, பஸ்காரன் ஏற்றமாட்டேன் என்றதால், தோளில் சுமந்துகொண்டு நடந்து வந்து சேர்த்தவர் பீலிக்ஸ்தான். பாரிசில் இருந்த மைத்துனரிடம் கேட்டு, தமிழ் எழுத்து உள்ள ஒரு டிஸ்க்கும் தருவித்தார். எங்கள் சனத்துக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் வீட்டுவேலை ஓய்வு. ஆறு வருசமாகத் தன் வியாழன் பின்னேரங்களையெல்லாம் பீலிக்ஸ் அந்தப் பெட்டிக்கு முன்னால் கொடுத்தார். அறிவித்தல், அழைப்பிதழ், கண்டனம், வாழ்த்து, கண்டனத்தை வாபஸ் வாங்கும் கடிதம் எல்லாம் அவர் கையால் அடித்தவை. அவரை அங்கத்தவராக மட்டும் சேர்க்கவில்லை. பதவியில்லாத பணியாளர் அங்கத்தவராக முடியாது என்று யாப்பில் ஒரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவையும் அடித்தவர் அவரே.

தொண்ணூற்றெட்டு பங்குனியில் பீலிக்ஸ் நெஞ்சுவருத்தத்தில் போய்விட்டார். அவருடைய மரண அறிவித்தலை மாமன்றம் பேனையால் எழுதி ஒட்டியது. தமிழில் அடிக்கத் தெரிந்த ஆள் பெட்டிக்குள் கிடந்தார்.

அவர் மனைவி மரியமலர், ஒரு சிக்னோராவின், இத்தாலிய எசமானியின், மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வாயில்லாத பெண். ஒரே மகள் யூலியானா, மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து நீர்கொழும்பில் சித்தியோடு இருக்கிறாள். ஒன்பது வருசமாகத் தாய் தகப்பன் முகம் காணாதவள். அவளுக்குப் புரட்டாதி ஐந்தாம் திகதி கலியாணம். மரியமலருடைய பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்து குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரில் கிடக்கிறது. அது வராமல் நாட்டை விட்டு அசைய முடியாது. ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை பீலிக்ஸ் மனைவியின் கையைப் பிடித்து, “பிள்ளைக்கு எழுதி வைச்சிருக்கிறன். கொம்பியூட்டருக்குள்ளை கிடக்கு. கலியாணத்துக்கு முன்னம் எடுத்து அனுப்பு” என்றாராம். தகப்பனும் இல்லாமல் தாயும் இல்லாமல் கோயிலுக்குள் நடக்கப்போகிற பிள்ளைக்கு, போகக்கூடியது அந்தக் கடிதம் ஒன்றுதான்.

சித்திரை மாதம் ஒரு வியாழன், வேலை முடித்த கையோடு மரியமலர் வந்து நின்றாள்.

அந்தப் பழைய கொம்பியூட்டர் அப்போது ஓய்வு பெற்றிருந்தது. பகிடி இல்லை. பீலிக்ஸ் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் யாரோ ஒரு சிக்னோர் புதிய கொம்பியூட்டர் கொடுக்க, பழையதற்குப் பிரிவுபசார விழா எடுத்தார்கள். மாலை போட்டு, சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்தார்கள். எங்கள் பக்கத்துக்கு ஒன்றும் இல்லையா என்று வேதக்கார அங்கத்தவர்கள் கேட்க, றோபேட் மாதா கோயிலுக்கு ஓடிப்போய்ப் போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்தார். சந்தனத் தண்ணீர் மேல் ஓட்டைக்குள்ளும் தீர்த்தம் பின் ஓட்டைக்குள்ளும் போனது. இரண்டு சமயமும் சேர்ந்து ஆசீர்வதித்ததில் பெட்டி பிறகு கண் விழிக்கவில்லை. அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்து, ‘தலைவர் தில்லையம்பலம் அவர்களின் பொற்காலத்தில் பாவிக்கப்பட்டது’ என்று கீழே எழுதினார்கள். புதியதில் தலைவர் சீட்டு விளையாடினார்.

“றோபேட் அண்ணை, அவர் பிள்ளைக்கு எழுதின கடிதம் ஒண்டு உந்தப் பழைய பெட்டிக்குள்ளை கிடக்காம். எடுத்துத் தருவீங்களோ?”

“எடுக்கலாம் தங்கச்சி, ஏன் எடுக்க ஏலாது? ஆனா முறைப்படி. விண்ணப்பம் வேணும்.”

“எழுதித் தாறன்.”

“எழுதித் தர ஏலாது. படிவத்திலை தரோணும். ஒன்பதாம் இலக்கப் படிவம்.”

“தாங்கோ, இப்பவே நிரப்பித் தாறன்.”

“படிவம் பழைய கொம்பியூட்டருக்குள்ளை இருக்கு” என்றார் றோபேட். “பீலிக்ஸ்தான் அடிச்சவர். நல்ல வடிவான படிவம்.”

மரியமலர் கண்ணாடி அலுமாரியைப் பார்த்தாள். “அப்ப அந்தப் படிவத்தை வெளியிலை எடுக்கிறதுக்கு?”

“அதுக்கும் ஒன்பதாம் இலக்கம்தான்.”

புதிய படிவம் தயாரிக்க ஒரு உபகுழு போட்டார்கள். இலச்சினையில் இருக்கும் யாழ் இடப்பக்கம் பார்ப்பதா வலப்பக்கம் பார்ப்பதா என்று ஐந்து கிழமை சண்டை. யாழுக்கு முகமே இல்லை என்று யாரோ சொல்லப்போய், அவரை இடைநிறுத்தினார்கள். வைகாசி கழியப் படிவம் வந்தது. அதன் ஏழாவது வரி: ‘கோப்பை எழுதியவரின் கையொப்பம். இறந்திருப்பின், இறந்தவரின் சம்மதக் கடிதம்.’

“செத்தவர் என்னெண்டு அண்ணை சம்மதம் தாறது?”

“அதைத்தான் நாங்களும் கதைச்சனாங்கள். முதல் அவர் செத்ததை மாமன்றத்துக்கு எழுத்திலை ஒருத்தரும் அறிவிக்கேல்லை.”

“அடக்கத்துக்கு நீங்கள் வந்தனீங்கள்தானே? குழிக்குள்ளை மண் போட்டனீங்கள்.”

“அது தனிப்பட்ட முறையிலை” என்றார் றோபேட்.

மேலே யன்னலில் நின்ற எனக்குக் கையில் இருந்த பூச்சாடியை நேரே கீழே விட்டால் என்ன என்று வந்தது. துளசி பாவம் என்று விட்டுவிட்டேன்.

ஆனி மாதச் செயற்குழுவில் விசயம் எடுத்துக்கொள்ளப்பட்டது. அன்று தலைவர் ஆற்றிய உரையைத் தெரு முழுவதும் கேட்டது. அப்படியே தருகிறேன்.

“பீலிக்ஸ் ஆர்? மாமன்றத்தின் அங்கத்தவரோ? இல்லை. யாப்பின்படி அவர் வெளியாள். ஒரு வெளியாள் எங்கடை கதிரையிலை இருந்து, எங்கடை கரண்டிலை, எங்கடை கொம்பியூட்டருக்குள்ளை தன்ரை வீட்டுக் கதையை எழுதினது அத்துமீறல். நாங்கள் பெருந்தன்மையா மன்னிக்கிறம். ஆனா ஒண்டு கேக்கிறன். ஆறு வருசம் எங்களோடை உழைச்ச பீலிக்சை வெளியாள் எண்டு சொல்ல ஆருக்கு நாக்கு வரும்? அவர் எங்கடை ஆள்! எங்கடை ஆள் எழுதினது எங்கடை சொத்து! ஆகவே எந்தப் பக்கத்தாலை பாத்தாலும் கடிதத்தைக் குடுக்க ஏலாது.”

கைதட்டல். மரியமலர் கதவடியில் நின்றபடி, “அது பிள்ளைக்கு எழுதினது தலைவர்” என்றாள்.

“எந்தப் பிள்ளை? மாமன்றத்துக்கு எல்லாப் பிள்ளையளும் ஒண்டுதான் தங்கச்சி. வேறுபாடு காட்டாதேங்கோ.”

கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் றோபேட்டுக்கு ஒரு ஐமிச்சம் வந்தது. மாமன்றத்தின் ஆறு வருச அறிவித்தல்கள், கூட்டறிக்கைகள், யாப்பின் மூலப்பிரதி எல்லாமே அந்தப் பெட்டிக்குள்தானே? கையில் இருக்கும் யாப்பில் நாற்பதாம் பிரிவுப் பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. அந்தப் பிரிவில்தான் தலைவரின் பதவிக்காலம் இருக்கிறது. தலைவர் உடனே எழுந்து, அறிவுச் செல்வத்தை மீட்பது இனத்தின் கடமை என்றார். ஆடி பத்தொன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை ‘ஹாட் டிஸ்க் மீட்புப் பெருவிழா’ என்று தீர்மானம் ஆயிற்று.

ஒரேத்தோ வீதியில் கொம்பியூட்டர் திருத்தும் ஒரு இத்தாலியனைக் கூட்டி வந்தார்கள். பாவம், மூன்று மணிக்குத் திருப்புளியோடு வந்தவன். கழுத்தில் மாலையைப் போட்டு முன்வரிசையில் இருத்தினார்கள். மங்கள விளக்கு. தேவாரம். செபம். வரவேற்புரை. வரவேற்புரைக்கு நன்றியுரை. பிறகு எல்லோரும் எழுந்து ஒரு நிமிட மௌன அஞ்சலி. நானும் மேலே நெஞ்சில் கை வைத்து நின்றேன், பீலிக்சுக்கு என்று நினைத்து. “மறைந்த எமது முதலாவது கொம்பியூட்டருக்காக மௌனம் காத்த அனைவருக்கும் நன்றி” என்றார் கோபாலசிங்கம்.

ஆறு மணிக்கு அந்த மனுசனை வேலை செய்ய விட்டார்கள். பெட்டியைக் கழற்றி, ஒரு செங்கல் அளவு இரும்பை வெளியே எடுத்து, புதிய கொம்பியூட்டரின் வயிற்றுக்குள் ஒரு வாரை இழுத்துக் கொழுவினான். உள்ளே எழுதியிருந்தது முழுவதையும் புதியதற்கு மாற்றினான். பத்து நிமிடம். “எக்கோ”, இதோ, என்று கையை விரித்துக் காட்டினான். உள்ளே ஒரே ஒரு கோப்பு. கோபாலசிங்கம் அதைத் திறந்தார். திரையில் முதல் வரி இப்படி இருந்தது:

md;Gs;s kfSf;F

அதற்குக் கீழேயும் அப்படியே, பக்கம் பக்கமாக.

சபை வாயைப் பிளந்தது. இத்தாலியன் கிட்டப் போய்ப் பார்த்தான். இது எங்கள் மொழி இல்லை, உங்களுடையதுமா இல்லை என்று கேட்டான். மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

“வைரஸ்” என்றார் கோபாலசிங்கம். கிருமி தொற்றும் என்று இரண்டாம் வரிசையில் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.

“வைரஸ் இல்லை. நல்லாப் பாருங்கோ” என்றார் றோபேட். “இது குறியீடு. இரகசியக் குறியீடு.”

“ஆருக்கு?” என்றார் தலைவர்.

போன வருசம் சண்டைபிடித்துப் பிரிந்துபோன சிலர் பக்கத்து நகரமான கத்தானியாவில் ஒரு சங்கம் நடத்துகிறார்கள். அந்தப் பெயர் மண்டபத்தில் ஒரு வாயிலிருந்து இன்னொரு காதுக்குப் போய்ச் சுற்றி வந்தது. ஆறு வருசமாக வியாழனில் வந்து ஒரு வார்த்தை பேசாமல் பீலிக்ஸ் என்னத்தை அடித்தான்? ஏன் அங்கத்தவராகச் சேரவில்லை? சேர்க்காதது தாங்கள்தான் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஒரு படிவத்துக்கு ஐந்து கிழமை எடுத்தவர்கள், செத்தவனை விசாரிக்க ஐந்து நிமிடத்தில் ஆணைக்குழு போட்டார்கள்.

அப்போதுதான் மரியமலர் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. நேரே திரைக்கு முன்னால் போய், எழுத்துகளில் விரலை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சத்தமாக வாசித்தாள்.

“அன்… புள்… ள. மக… ளுக்கு. அன்புள்ள மகளுக்கு.”

பீலிக்ஸ் தமிழ் அடிக்கப் பழகியது வீட்டுச் சாப்பாட்டு மேசையில். ஒரு பனெத்தோனே கேக் பெட்டியின் மூடியில் கட்டம் கீறி, ஒவ்வொரு இங்கிலீசு எழுத்துக்கும் பக்கத்தில் அதை அமத்தினால் வரும் தமிழெழுத்தை எழுதி வைத்து, அதன்மேல் விரலால் தட்டித் தட்டிப் பழகினார். மரியமலர் வெங்காயம் உரித்தபடி கேள்வி கேட்பாள். “ம எங்கை?” அவர் தொடுவார். “ளு?” பிழைத்தால் தலையில் குட்டுவாள். அவருக்குப் பாடமாகும் முன்பே அவளுக்குப் பாடமாகிவிட்டது. பீலிக்ஸ் டிஸ்க்கில் தருவித்த தமிழ் எழுத்துரு அந்தப் பழைய பெட்டியில் மட்டும்தான் இருந்தது. புதியதில் அது இல்லாததால் அடித்த இங்கிலீசுக் கட்டைகள் அப்படியே அம்மணமாகத் தெரிந்தன. அவ்வளவுதான் இரகசியம்.

அடுத்த வரிக்கு அவள் விரல் போனபோது தலைவர் தொண்டையைச் செருமினார்.

“நிகழ்ச்சி நிரலிலை வாசிப்பு இல்லை.”

கோபாலசிங்கம் திரையை அணைத்தார்.

அடுத்த நாள் மூன்று பேரும் அவளைக் கூப்பிட்டு இருத்திக் கதைத்தார்கள். பீலிக்ஸ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில்தான் அடித்திருக்கிறார். ஒருமுறை புதுக் கோப்பு திறந்து அது எங்கோ காணாமல் போனதில் பயந்து, பிறகு எப்போதும் அந்த ஒன்றிலேயே கீழே போய் அடித்துக்கொண்டு போவது அவர் வழக்கம். வேண்டிய பக்கத்தை மட்டும் அச்சடிப்பார். ஆகவே கடிதமும் அறிவித்தலும் மாறி மாறிக் கிடந்தன. வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் மரியமலர்.

“பொதுநலம் முதல், தங்கச்சி” என்றார் தலைவர். “ஒவ்வொரு வியாழனும் வந்து மாமன்றத்தின்ரை பகுதியை எல்லாம் கொப்பியிலை எழுதுங்கோ. அது முடிஞ்சாப்பிறகு உங்கடை கடிதத்தைக் குடுக்கிறதோ இல்லையோ எண்டதை நாங்கள் சாதகமாப் பரிசீலிப்பம்.”

“கலியாணம் புரட்டாதி ஐஞ்சு, தலைவர். ஆவணி இருபத்தெட்டு பக்கத்து வீட்டு ஏர்னஸ்ற் கொழும்புக்குப் போறார். அவரிட்டைக் குடுத்துவிடோணும்.”

“அப்ப வேகமா எழுதோணும்” என்றார் அவர்.

ஆறு வியாழன் இருந்தது. முதல் வியாழன் அவள் நேர்மையாக இருந்தாள். றோபேட் பின்னால் காவல் நின்றார். “தனிப்பட்ட பகுதி வந்தால் சொல்லோணும், ஒழுங்கு தவறி வாசிக்கப்படாது.” வந்தபோது அவள், “இது கடிதம் அண்ணை” என்றாள். அவர் யாப்பை விரித்துத் திரையில் பிடித்து மறைத்தார். அது நாலு விரல் அளவு கடிதம். யாப்பின் மறுபக்கம் தன் புருசனின் எழுத்து இருக்கிறது, இந்தப் பக்கம் இவள். அன்று மாலை என் வீட்டுக்கு ஏறி வந்து தண்ணீர் கேட்டவள், தம்ளரைக் கையில் வைத்தபடியே அரை மணித்தியாலம் இருந்தாள்.

பிறகு சொன்னாள்: “அக்கா, அவையளுக்கு ஒரு எழுத்தும் விளங்காதெல்லோ?”

இரண்டாம் வியாழனிலிருந்து, திரையில் தெரிகிற இங்கிலீசு எழுத்துகளை அப்படியே பார்த்து எழுதப்போகிறேன், தமிழாக்குவதை வீட்டில் செய்கிறேன், அதுதான் வேகம் என்றாள். றோபேட்டும் ஒத்துக்கொண்டார். எது கடிதம், எது அறிவித்தல் என்று சொல்ல வேண்டியவள் அவள்தானே. அவள் அறிவித்தல்களைத் தாண்டித் தாண்டிப்போய்க் கடிதத்தை மட்டும் எழுதினாள்.

“இது என்ன தங்கச்சி?”

“விளையாட்டுப் போட்டி முடிவு அண்ணை. தொண்ணூற்றி நாலு.”

“ஏன் அழுறீர்?”

“சாக்கோட்டத்திலை ஆர் முதலாவது எண்டு இப்பதான் தெரிஞ்சது.”

மாலையில் என் மேசையில் கொப்பியைப் பிரித்து வைத்து அவள் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று மாதாவின் படத்தில் என்னைச் சத்தியம் பண்ண வைத்தாள். நான் சைவம், இருந்தாலும் சத்தியம் சத்தியம்தான். ஆகவே கொஞ்சமாகச் சொல்கிறேன்.

‘மகள், தலைவர் வரப் பிந்துமாம். அதுக்குள்ளை எழுதிறன். நான் வேலை செய்யிற வீட்டு நாய்க்கு என்னைக் கண்டால் பிடிக்காது, ஆனால் தமிழிலை பேசினால் விளங்கும். அம்மாவுக்கு இத்தாலியன் வந்திட்டுது. எனக்கு நாயோடை மட்டும்தான். தலைவர் வந்திட்டார்.’

‘மகள், நீ அனுப்பின படத்திலை உன்ரை உயரம் தெரியேல்லை. கதவு நிலைக்குப் பக்கத்திலை நிண்டு ஒண்டு எடுத்து அனுப்பு. கதவின்ரை அளவு எனக்குத் தெரியும், நான் போட்ட கதவு. தலைவர் வந்திட்டார்.’

‘மகள், சோதினை பாசாம், சித்தி எழுதினவா. நான் ஒருத்தருக்கும் சொல்லாமல் கடற்கரைக்குப் போய் ஒரு ஐஸ்கிறீம் வாங்கிக் குடிச்சன். இண்டைக்கு நிறைய எழுத இருக்கு. தலைவர் வந்திட்டார்.’

ஆறு வருசத்தில் நாற்பத்தொரு துண்டு. கடைசித் துண்டைத் தவிர எல்லாம் ஒரே மாதிரித்தான் முடிந்தன. இருபதாவதுக்குப் பிறகு அந்த முடிவை அவள் சொல்லவில்லை, நானும் கேட்காமல் எழுதினேன்.

ஆவணி இருபத்தேழு, கடைசி வியாழன். அன்று தலைவரும் மண்டபத்தில் இருந்தார். கொம்பியூட்டரை அவள் பிடித்திருந்ததால் நிசமான சீட்டுக்கட்டோடு விளையாடிக்கொண்டிருந்தார். மரியமலர் கோப்பின் அடிக்கு வந்துவிட்டாள். தொண்ணூற்றெட்டு தை மாதத்துத் துண்டு.

‘மகள், நெஞ்சு கொஞ்சம் சரியில்லை. உன்ரை கலியாண நாளிலை பக்கத்திலை நிக்கமாட்டன் போலை கிடக்கு. நிண்டால், கோயில் வாசலிலை உன்ரை காதுக்குள்ளை ஒரு விசயம் சொல்லியிருப்பன். ஆறு வருசமாச் சொல்ல நினைச்சது. அது என்னெண்டால்’

அடுத்த வரி: ‘மாமன்றத் தலைவர், செயல்வீரர், தில்லையம்பலம் அவர்களின் ஐம்பதாவது அகவை நிறைவை முன்னிட்டு உலகத் தமிழர்களுக்கு ஓர் அறைகூவல்.’ நாலு பக்கம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வெள்ளை.

அவள் கோப்பில் மேலே போய்ப் பார்த்தாள். திரும்பக் கீழே வந்தாள். இறைச்சிக்கடைக்கு வந்த சாட்டில் வாசலில் நின்ற நான் அவள் முதுகைத்தான் கண்டேன். பிறகு கதிரையைத் திருப்பினாள்.

“தலைவர், உங்கடை ஐம்பதாவது பிறந்தநாள் வாழ்த்து இவர் அடிச்சது ஞாபகம் இருக்கோ?”

தலைவரின் முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது. சீட்டைக் கவிழ்த்து வைத்தார். “இல்லாமல்? தை மாதம். வசனம் முழுக்க நான்தான் சொல்லச் சொல்ல அடிச்சவர். நான் வந்து பின்னாலை நிண்டு, பீலிக்ஸ், எழுதும் எண்டன். ‘அண்ணை, ஒரு வசனம் குறையாக் கிடக்கு, முடிச்சிட்டு வாறன்’ எண்டவர். நான் சொன்னன், ‘பீலிக்ஸ், வசனம் எங்கையும் ஓடாது, என்ரை பிறந்தநாள் வருசத்திலை ஒருக்காத்தான்’ எண்டு. சிரிச்சவர். தங்கமான மனுசன்.”

“பிறகு அந்த வசனத்தை முடிக்க விட்டனீங்களோ?”

“பிறகு எங்கை நேரம்? நாலு பக்கம் பிள்ளை! அடிச்சு முடியக் கேக் வெட்டப் போயிட்டம். படம் எடுக்கிறதும் அவர்தானே. அடுத்த கிழமையெல்லோ ஆஸ்பத்திரிக்குப் போனவர்.”

“என்ன எழுதிக்கொண்டிருந்தவர் எண்டு திரையிலை பாத்தனீங்களோ? ஒரு சொல்லாவது?”

“நான் ஏன் பாக்கிறன்?” தலைவருக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. “மற்ற ஆளின்ரை தனிப்பட்ட விசயத்தை எட்டிப் பாக்கிற பழக்கம் எனக்கில்லை. யாப்பும் விடாது.”

பிறகு, கேட்காமலே, அந்த அறைகூவலின் முதல் பக்கத்தை மனப்பாடமாகச் சொன்னார். ஒரு சொல் பிழைக்கவில்லை.

மரியமலர் திரும்பித் திரையைப் பார்த்து எழுதத் தொடங்கினாள். நாலு பக்கத்தையும் எழுதினாள். அன்று என் மேசையில் அதைத் தமிழாக்கச் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“இந்தக் கண்டறியாத வாழ்த்தை ஏன் பிள்ளை அனுப்புறாய்? கிழிச்செறி. அந்த வசனத்தை நீயே ஏதும் போட்டு முடிச்சுவிடு. அவளுக்குத் தெரியவா போகுது?”

“அவர் சொல்லாததை நான் சொல்லமாட்டன் அக்கா. தகப்பன் என்ன சொல்ல வந்தவர் எண்டு அவளுக்கு இனித் தெரியப்போறதில்லை. என்னத்துக்காக நிப்பாட்டினவர் எண்டாவது தெரியட்டும். எழுதுங்கோ.”

எழுதினேன். ‘செயல்வீரர்’ என்ற சொல்லில் பேனை கடதாசியைக் கிழித்துவிட்டது.

ஏர்னஸ்றின் பெட்டிக்குள் கொப்பி போனது. கலியாணம் முடிந்து மூன்றாம் நாள் நீர்கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. தாயும் மகளும் என்ன கதைத்தார்கள் என்பதை மரியமலர் எனக்கு முழுவதும் சொன்னாள். நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொன்னேன், அதுவும் பாதிதான்: தலைவரின் வாழ்த்தும் சேர்ந்த கொப்பியைக் கலியாணத்தில் வாசித்தார்கள் என்று மட்டும். அந்தப் பாதி எப்படி மாமன்றத்துக்குப் போனதென்று என்னைக் கேட்காதீர்கள். மற்றபடி மாமன்றத்தின் அறிவித்தல்கள் இன்றுவரை இங்கிலீசுக் கட்டைகளாகவே கிடக்கின்றன. நாற்பதாம் பிரிவில் என்ன இருந்ததென்று தெரியாததால் தலைவருக்குப் பதவிக்காலம் முடியவில்லை.

ஐப்பசியில் வருடாந்தப் பொதுக்கூட்டம். இருபத்திரண்டு கதிரை, எண்பது பேர். றோபேட் ஆண்டறிக்கை வாசித்தார்.

“இவ்வாண்டு மீட்கப்பட்ட கோப்புகள்: ஒன்று. மாமன்றத்தின் அயராத முயற்சியால் மீட்கப்பட்ட அக்கோப்பிலிருந்து, தலைவர் அவர்களின் ஐம்பதாவது அகவை அறைகூவல், இலங்கையின் நீர்கொழும்பில் நடைபெற்ற திருமண விழாவில், மணமக்கள் முன்னிலையில் வாசிக்கப்பட்டது என்பதைப் பெருமையுடன் அறியத்தருகிறோம்.”

கைதட்டல் என் யன்னல் கண்ணாடியை அதிரவைத்தது. தலைவர் எழுந்து நாலு திக்கும் கும்பிட்டார். கைதட்டல் ஓயும்வரை மரியமலர் கதவடியில் காத்து நின்றாள். ஓய்ந்த பிறகு சொன்னாள்.

“அதை வாசிக்கேல்லை. ‘அது என்னெண்டால்’ எண்ட இடத்தோடை என்ரை பிள்ளை நிப்பாட்டிட்டாள். கோயில் வளவுக்குள்ளை அவ்வளவு சனமும் அவள் மிச்சத்தை வாசிப்பாள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டதாம். அவள் கொப்பியை மூடி நெஞ்சிலை வைச்சுக்கொண்டு நிண்டாளாம்.”

றோபேட் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார்.

“தலைவர், அப்ப இதை என்னெண்டு பதியிறது?”

தலைவர் கும்பிட்ட கையை இறக்கினார்.

“‘பெரும்பகுதி வாசிக்கப்பட்டது’ எண்டு போடும்.”